உங்களுக்குத் தெரியுமா? மூட்டையும் மிதிவண்டியும் ஏறும் வண்டிகள்

ரயிலிலோ பேருந்திலோ வெறுங்கையோடு போகிறவர்கள் நம்மில் மிகக் குறைவு. மகள் வீட்டுக்கு ஊறுகாய் ஜாடி, விடுதிக்குப் போகும் பையனின் பாய் தலையணை, சந்தைக்குக் கீரைக்கட்டு, தையல் மிஷின், சைக்கிள் என்று ஏதாவது ஒன்று கூடவே வரும். அந்தச் சுமைக்கும் வண்டியில் இடம் கேட்கும் உரிமை உண்டு. அதற்கென்று விதி இருக்கிறது, கட்டணம் இருக்கிறது, வரலாறும் இருக்கிறது.

● ரயில் டிக்கெட் வாங்கும்போதே மூட்டைக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறீர்கள். முதல் வகுப்பு ஏ.சி.யில் 70 கிலோ, இரண்டடுக்கு ஏ.சி.யில் 50 கிலோ, மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஸ்லீப்பரிலும் 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரை இலவசம். 5 வயது முடிந்து 12 வயதுக்குள் இருக்கும் குழந்தையின் டிக்கெட்டுக்கு இதில் பாதி. நான்கு பெரியவர்கள் கொண்ட குடும்பம் ஸ்லீப்பரில் போனால் 160 கிலோ. வீடு மாற்றிப் போகிறவர்கள்கூட இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

2025 ஆகஸ்டில், விமான நிலையம்போல ரயில் நிலையத்திலும் பெட்டியை எடை போட்டுப் பணம் பிடுங்கப்போகிறார்கள் என்று செய்தி பரவி, பலரும் பதறினார்கள். புதிய விதி எதுவும் வரவில்லை, பல பத்தாண்டுகளாக இருப்பதுதான் என்று ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் விளக்கம் சொன்னார்.

● எடையைவிட அளவுதான் பலரை மாட்டிவிடுகிறது. பெட்டிக்குள் கொண்டுபோகும் டிரங்க், சூட்கேஸ் எதுவானாலும் 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்குள் இருக்கவேண்டும். மூன்றடுக்கு ஏ.சி.யிலும் சேர் காரிலும் டிரங்குப் பெட்டிக்கு இன்னும் இறுக்கம்: 55க்கு 45க்கு 22.5 செ.மீ. கடைகளில் விற்கும் பெரிய டிராலி சூட்கேஸ்களில் பல, துணி அடைத்ததும் 30 செ.மீ. கனத்துக்கு உப்பிவிடும். லோயர் பெர்த்துக்கு அடியில் அது நுழையாது, வழியில் நிற்கும், இரவில் கழிவறைக்குப் போகிற பெரியவர் தடுக்கி விழுவார். புதுப் பெட்டி வாங்கும்போது கையில் ஓர் அளவு நாடா இருப்பது நல்லது.

● கூடுதல் சுமையை முன்கூட்டியே சொல்லிப் பதிவு செய்தால் லக்கேஜ் கட்டணத்தைப்போல ஒன்றரை மடங்கு. சொல்லாமல் ஏற்றிப் பிடிபட்டால் ஆறு மடங்கு. வண்டி கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்னதாக லக்கேஜ் அலுவலகத்தில் சுமையோடு நிற்கவேண்டும் என்பது விதி. பெரிய நிலையங்களில் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுவது என் யோசனை. வரிசையின் நீளம் விதிக்குக் கட்டுப்பட்டதல்ல.

● இப்போது சைக்கிளுக்கு வருவோம். மேலே சொன்ன இலவச எடை சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் கிடையாது. உங்கள் கையில் வேறு பையே இல்லாவிட்டாலும், 15 கிலோ சைக்கிளை 40 கிலோவுக்குள் கழித்துக்கொள்ள முடியாது. அதற்குத் தனிக் கட்டணம் கட்டவேண்டும்.

அதை அனுப்ப இரண்டு வழி. ஒன்று லக்கேஜ்: உங்கள் டிக்கெட்டைக் காட்டி, நீங்கள் ஏறும் அதே வண்டியின் பிரேக் வேனில் ஏற்றுவது. இன்னொன்று பார்சல்: டிக்கெட் தேவையில்லை, ஆனால் எந்த வண்டியில் இடம் கிடைக்கிறதோ அதில் போகும், நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு நாள் கழித்துக்கூட வரலாம். கல்லூரியில் சேரப்போகும் மாணவர்கள் பலர் இந்த வித்தியாசம் தெரியாமல் பார்சலில் போட்டுவிட்டு, புது ஊரில் தினமும் நிலையத்துக்கு நடையாய் நடக்கிறார்கள். கவுண்டரில் ‘லக்கேஜ் புக்கிங்’ என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

கட்டுவதில்தான் சைக்கிளின் ஆயுள் இருக்கிறது. நிலையத்துக்கு வெளியிலேயே சாக்கு சுற்றிக் கட்டித் தருகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் கட்டுவதற்கு முன் ஹேண்டில்பாரைத் திருப்பி ஃப்ரேமுக்கு இணையாக வைத்து, கியர் உள்ள சைக்கிளாக இருந்தால் பின்பக்கக் கியர் மாற்றியைக் கழற்றி உள்பக்கமாகக் கட்டிவிடுங்கள். அட்டையை மடித்து அந்த இடத்தில் வைத்தால் இன்னும் நல்லது. பெயர், ஊர், தொலைபேசி எண் எழுதிய சீட்டு வெளியே ஒன்று, சாக்குக்குள் ஃப்ரேமில் ஒன்று. வெளிச்சீட்டு கிழிந்துபோனால் உள்சீட்டுதான் உங்கள் சைக்கிளை அடையாளம் காட்டும். மோட்டார் சைக்கிளாக இருந்தால் பெட்ரோல் டேங்க் முழுவதும் காலியாக இருக்கவேண்டும், ஆர்.சி. நகலும் வேண்டும்.

இறங்கும் நிலையத்தில் வண்டி இரண்டு நிமிடம்தான் நிற்கும் என்றால் பிரேக் வேனைத் திறந்து இறக்க நேரம் போதாது. பெரிய நிலையம்வரை பதிவு செய்து, அங்கிருந்து சைக்கிளை ஓட்டிப் போவதே வழி. சேர்ந்த சைக்கிளைக் குறித்த நேரத்துக்குள் எடுக்காவிட்டால் வார்ஃபேஜ் என்று தனிக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

● சென்னை–மைசூரு, சென்னை–கோவை வந்தே பாரத் வண்டிகளில் பிரேக் வேன் கிடையாது. முழு வண்டியும் இருக்கைகள்தான். சாதாரண எக்ஸ்பிரஸின் தலையிலும் வாலிலும் எஸ்.எல்.ஆர். என்று எழுதியிருக்கும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். பாதி பயணிகளுக்கு, பாதி சுமைக்கு. சைக்கிளும் மீன் கூடையும் பூ மூட்டையும் போகும் இடம் அது. வேகமான புது வண்டிகளில் அந்த இடமே வரைபடத்தில் இல்லாமல் போனது எனக்கு வருத்தம். நேரத்தை மிச்சப்படுத்தும் வண்டியில் ஒரு சைக்கிளுக்குக் கொக்கி வைக்க முடியாதா?

● பெடலைக் கழற்றினால் சைக்கிளின் பருமன் கணிசமாகக் குறையும். பலர் இடதுபக்கப் பெடலோடு மல்லுக்கட்டி மரை தேய்ந்துபோகும்வரை போராடுகிறார்கள். இடது பெடலின் மரை தலைகீழாக வெட்டப்பட்டது. வழக்கமான திசையில் திருகினால் இன்னும் இறுகும். நினைவில் வைக்க எளிய வழி: 15 எண் ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, பின்சக்கரத்தை நோக்கி இழுங்கள். இரண்டு பக்கமும் கழன்று வரும்.

● டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் எஸ்-டோக் என்னும் புறநகர் ரயில்களில் 2010 முதல் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. அதற்குமுன் தனி டிக்கெட் எடுக்கவேண்டியிருந்தது. கட்டணத்தை எடுத்துவிட்டால் வருமானம் போகும், பெட்டி நெரியும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். நடந்தது வேறு. ஆண்டுக்கு 21 லட்சமாக இருந்த சைக்கிள் பயணங்கள் சில ஆண்டுகளில் 90 லட்சத்தை எட்டின. சைக்கிளோடு வந்தவர் தனக்கு டிக்கெட் எடுத்துத்தானே ஏறுகிறார்! வீட்டிலிருந்து நிலையம் மூன்று கிலோமீட்டர், இறங்கியபின் அலுவலகம் இரண்டு கிலோமீட்டர் என்ற கணக்கால் காரை எடுத்தவர்கள் ரயிலுக்கு வந்தார்கள்.

இலவசம் என்று அறிவித்துவிட்டு ரயில் நிறுவனம் சும்மா இருக்கவும் இல்லை. வண்டியின் நடுப்பகுதியில் இருக்கைகளை மடக்கு இருக்கைகளாக மாற்றி, சைக்கிள் நிறுத்தப் பெரிய இடம் ஒதுக்கியது. வெளிப்பக்கத்தில் பெரிய சைக்கிள் படம். மிகவும் நெரிசலான நெரபோர்ட் நிலையத்தில் மட்டும் வேலைநாள் காலையிலும் மாலையிலும் சைக்கிளோடு ஏறவும் இறங்கவும் தடை வைத்தது. எங்கே நெரிகிறதோ அங்கே மட்டும் தடை, மற்ற இடமெல்லாம் வழி. இந்த அணுகுமுறை எனக்கு மிகப் பிடித்திருக்கிறது. நாம் பெரும்பாலும் ஓர் இடத்து நெரிசலுக்காக ஊர் முழுக்கத் தடை போட்டுவிடுகிறோம்.

● இந்தியாவிலும் விதை விழுந்துவிட்டது. கொச்சி மெட்ரோ 2020 நவம்பரில் ஆறு நிலையங்களில் சைக்கிளோடு ஏற அனுமதித்து, பிறகு எல்லா நிலையங்களுக்கும் விரித்தது. கட்டணம் இல்லை. பெங்களூரு மெட்ரோவில் 2022 முதல் மடக்கு சைக்கிளைக் கொண்டுபோகலாம், 15 கிலோவுக்குள் இருந்தால்.

மெட்ரோவில் சைக்கிள் எளிதாக ஏறுவதற்கும் எக்ஸ்பிரஸ் வண்டியில் திணறுவதற்கும் ஒரு பொறியியல் காரணம் உண்டு. மெட்ரோவில் நடைமேடையும் பெட்டியின் தரையும் ஒரே மட்டம். உருட்டிக்கொண்டே உள்ளே போய்விடலாம். நம் பெரிய நிலையங்களின் உயரமான நடைமேடைகூடத் தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 செ.மீ.தான். பெட்டியின் தரை அதைவிட ஏறக்குறைய அரை மீட்டர் மேலே இருக்கிறது. அந்த அரை மீட்டர்தான் சைக்கிளை மட்டுமல்ல, சக்கர நாற்காலியையும், முழங்கால் வலிக்காரரையும், கைக்குழந்தைக்காரியையும் வாசலிலேயே நிறுத்திவைக்கிறது.

● நெதர்லாந்தில் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் சைக்கிள் இருக்கிறது. ஆனாலும் அந்த நாட்டு ரயிலில் வேலைநாட்களில் காலை 6.30 முதல் 9 வரையும், மாலை 4 முதல் 6.30 வரையும் முழு சைக்கிளை ஏற்ற முடியாது. மற்ற நேரத்தில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்கவேண்டும். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை மாதங்களில் இந்த நேரக் கட்டுப்பாடு இல்லை. மடக்கு சைக்கிளுக்கு எப்போதும் தடையில்லை, கட்டணமும் இல்லை.

டேனிஷ்காரர்கள் வண்டிக்குள் இடம் கொடுத்தார்கள். டச்சுக்காரர்கள் நிலையத்தில் இடம் கொடுத்தார்கள். உட்ரெக்ட் நிலையத்தின் அடியில் 2019ல் முழுமையாகத் திறக்கப்பட்ட சைக்கிள் நிறுத்தகம் 12,500 சைக்கிள் கொள்ளும், உலகிலேயே பெரியது. சைக்கிளில் ஏறியபடியே உள்ளே ஓட்டிக்கொண்டு போகலாம். முதல் 24 மணி நேரம் இலவசம். இறங்கும் ஊரில் ஓவி-ஃபீட்ஸ் என்ற வாடகைச் சைக்கிளை அதே பயண அட்டையைக் காட்டி எடுத்துக்கொள்ளலாம். ஒரு சைக்கிள் இங்கே, ஒரு சைக்கிள் அங்கே, நடுவில் ரயில்.

நம் ஊர்ப் பேருந்து நிலையத்து சைக்கிள் ஸ்டாண்டுகள் இதே வேலையை எத்தனையோ ஆண்டுகளாகச் செய்துவந்தன. கிராமத்திலிருந்து மிதித்து வந்து, ஸ்டாண்டில் டோக்கன் வாங்கிக்கொண்டு, டவுன் பஸ் ஏறிப் படித்தவர்களும் வேலைக்குப் போனவர்களும் இந்தத் தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் பேர்! இன்று அந்த ஸ்டாண்டுகளில் பைக் நிற்கும் இடம் போக மிச்சம் மூலைதான் சைக்கிளுக்கு.

● ஜப்பானில் சைக்கிளை ரயிலில் கொண்டுபோவதற்கு ரின்கோ என்று பெயர். சக்கரங்களைக் கழற்றி, முழு சைக்கிளையும் ஒரு பைக்குள் போட்டு மூடிவிடவேண்டும். ஹேண்டில் நுனிகூட வெளியே நீட்டக்கூடாது. பைக்குள் போய்விட்டால் அது சைக்கிள் அல்ல, சாதாரண லக்கேஜ், கட்டணம் இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 250 செ.மீ.க்குள்ளும், எடை 30 கிலோவுக்குள்ளும் இருந்தால் போதும்.

● அதே ஜப்பானில் 2020 மே மாதம் முதல் டோக்கைடோ, சான்யோ, கியூஷு ஷிங்கன்சென் வண்டிகளில், மூன்று அளவையும் கூட்டி 160 செ.மீ.யைத் தாண்டும் பெட்டியோடு வருகிறவர்கள், பெட்டி வைக்க இடமுள்ள பின்வரிசை இருக்கையை முன்பதிவு செய்யவேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் வந்தால் 1,000 யென்.

● பெட்டியே இல்லாமல் பயணம் செய்யவும் ஜப்பானியர்கள் வழி கண்டிருக்கிறார்கள். யமாட்டோ நிறுவனம் 1976 ஜனவரியில் வீட்டுக்கு வீடு பொட்டலம் சேர்க்கும் தக்யூபின் சேவையைத் தொடங்கியது. முதல் நாள் வந்தவை 11 பொட்டலங்கள். இன்று விமான நிலையத்தில் இறங்குகிறவர் பெட்டியை அங்குள்ள கவுண்டரில் கொடுத்துவிட்டு, கைப்பையோடு ரயிலேறிப் போய்விடுகிறார். பெட்டி மறுநாள் ஹோட்டலுக்கு வந்துசேர்கிறது.

● சைக்கிளை இலவசமாக ஏற்றச் சொல்லிச் சட்டம் போட்டது இன்றைய தலைமுறை அல்ல. 1896லேயே நியூயார்க் மாநிலம் ஆம்ஸ்ட்ராங் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பயணியின் சைக்கிளை ரயில் நிறுவனங்கள் சாதாரணப் பெட்டியாகக் கருதிக் கட்டணமின்றி ஏற்றவேண்டும், கூண்டில் அடைத்து வா, துணி சுற்றி வா என்று வற்புறுத்தக்கூடாது, ஆளுக்கு ஒன்று. அப்போது அமெரிக்காவில் சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்தது, சைக்கிள்காரர்களின் சங்கங்களுக்கு அரசியல் பலமும் இருந்தது. கேட்டார்கள், கிடைத்தது.

● வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களில் சேர்க்கும் மும்பை டப்பாவாலாக்களின் வேலை சைக்கிளும் ரயிலும் சேர்ந்து செய்யும் வேலை. 1890ல் மகாதேவ் ஹாவாஜி பச்சே தொடங்கிவைத்த ஏற்பாடு. காலையில் வீடுவீடாகச் சைக்கிளில் போய் டப்பாக்களைச் சேகரித்து, நிலையத்தில் வகைபிரித்து, நீண்ட மரத்தட்டுகளில் அடுக்கித் தலையில் சுமந்து, லோக்கல் ரயிலின் லக்கேஜ் பெட்டியில் ஏற்றுகிறார்கள். இறங்கும் நிலையத்தில் மறுபடி பிரித்து, மறுபடி சைக்கிள். மதியத்துக்குமேல் காலி டப்பாக்கள் இதே வழியில் திரும்புகின்றன.

லோக்கல் ரயிலில் அந்த லக்கேஜ் பெட்டி இல்லையென்றால் இந்த ஏற்பாடே நின்றுவிடும். சென்னைப் புறநகர் வண்டியின் வெண்டர் பெட்டியும் அப்படித்தான். விடியற்காலையில் மீன் கூடையோடும் பூக்கூடையோடும் காய்கறி மூட்டையோடும் ஏறுகிற பெண்களுக்கு அதுதான் லாரி, அதுதான் டெம்போ. கூட்டம் தாங்காமல் மற்றவர்கள் அதில் ஏறி நிற்பதைப் பார்க்கிறோம். கூடைக்காரி இறக்கிவைக்க இடமில்லாமல் தவிக்கும்போது, அது அவளுக்காகவே ஒதுக்கிய பெட்டி என்பதை நாம் நினைத்துப்பார்க்கவேண்டும்.

● லோயர் பெர்த்துக்கு அடியில் இரும்பு வளையங்கள் இருக்கும். பெட்டியைச் சங்கிலியால் பூட்டத்தான் அவை.

● ரயிலில் உங்கள் பக்கத்தில் வைத்திருந்த பெட்டி திருடுபோனால் ரயில்வே நஷ்டஈடு தருமா? 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100ஆவது பிரிவு தெளிவாகப் பேசுகிறது. பதிவு செய்து ரசீது வாங்கிய லக்கேஜுக்கு ரயில்வே பொறுப்பு. நீங்களே வைத்திருந்த பெட்டிக்கு, ரயில்வே ஊழியரின் அலட்சியமோ தவறோ காரணம் என்று நிரூபித்தால்தான் பொறுப்பு. ரயிலில் ஒரு லட்சம் ரூபாயைப் பறிகொடுத்த பயணிக்கு நுகர்வோர் மன்றங்கள் நஷ்டஈடு வழங்கச் சொன்னதை 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. திருட்டைச் சேவைக் குறைபாடாகக் கொள்ள முடியாது என்பது தீர்ப்பு. பூட்டப்பட்ட ஏ.சி. பெட்டிக்குள் யார் வருகிறார் போகிறார் என்று பார்ப்பது பயணியின் வேலையா என்ற கேள்வி என் மனத்தில் நிற்கத்தான் செய்கிறது. ஆனாலும் இன்றைய சட்ட நிலை இதுதான்.

புகார் கொடுக்கப் பாதி வழியில் இறங்கவேண்டியதில்லை. டி.டி.இ., கார்டு, வண்டியில் காவலுக்கு வரும் போலீஸார் ஆகியோரிடம் புகார்ப் படிவம் இருக்கும். எழுதிக்கொடுத்துவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். 139ஐ அழைத்தும் சொல்லலாம். மறந்து விட்டுவிட்ட பெட்டிகளைத் தேடி உரியவரிடம் சேர்க்க ரயில்வே பாதுகாப்புப் படை ‘ஆபரேஷன் அமானத்’ என்றே ஓர் இயக்கம் நடத்துகிறது. பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டில் பெயரும் எண்ணும் எழுதிவைத்திருந்தால் அவர்கள் வேலை பாதியாகக் குறையும்.

● நிலையத்துக் க்ளோக் ரூமில் பூட்டுப் போடாத பையை வாங்கமாட்டார்கள். ஜிப் மட்டும் போதாது. சின்னதாக ஒரு பூட்டு வேண்டும். பயண டிக்கெட்டும் காட்டவேண்டும். காசி, ராமேசுவரம் போகிறவர்கள் நிலையத்து வாசலில் இருமடங்கு விலைக்குப் பூட்டு வாங்குவதைத் தவிர்க்க, வீட்டிலிருந்தே ஒன்றை எடுத்துப்போங்கள்.

● ரயில்வே கணக்கில் நாய்க்கும் லக்கேஜ் கட்டணம்தான். முதல் வகுப்பு ஏ.சி.யில் முழு கூபே பதிவு செய்தவர் கூடவே வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களின் நாய் கார்டு பெட்டியிலுள்ள கூண்டில்தான் போகவேண்டும்.

● 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில், மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்திவைத்திருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றி எரிந்தது. லக்னோவிலிருந்து தெற்கே கோயில்களைத் தரிசிக்க வந்தவர்கள் அதில் இருந்தார்கள். 9 பேர் இறந்தார்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த சமையல் எரிவாயு சிலிண்டர்தான் காரணம். ஒரு டீ போட்டுக் குடிக்க நினைத்தவர்கள்.

சிலிண்டர், பெட்ரோல், மண்ணெண்ணெய், அமிலம், பட்டாசு எதையும் ரயிலில் ஏற்றக்கூடாது. ரயில்வே சட்டத்தின் 164ஆவது பிரிவுப்படி மூன்றாண்டுவரை சிறை உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் சிவகாசிப் பக்கமிருந்து வரும் வண்டிகளில், பிள்ளைகள் ஆசைக்காகத் துணிக்கு நடுவே மத்தாப்புப் பெட்டியை ஒளித்துவைக்கும் தாத்தாக்கள் தயவுசெய்து மதுரையை நினைத்துக்கொள்ளுங்கள். நோயாளியோடு வரும் ஆக்சிஜன் சிலிண்டருக்கு மட்டும், மருத்துவரின் சான்று இருந்தால், அனுமதி உண்டு.

● மின்சார சைக்கிளின் பாட்டரி வேறொரு விஷயம். பவர் பேங்க் 20,000 எம்.ஏ.எச். என்றால் ஏறக்குறைய 74 வாட்-மணி. விமானத்தில் கைப்பையில் 100 வரை கொண்டுபோகலாம், செக்-இன் பெட்டியில் கூடாது. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி மின்சைக்கிள் பாட்டரி 360 வாட்-மணி. பயணிகள் விமானத்தில் அதற்கு இடமே இல்லை. லண்டனில் மின் ஸ்கூட்டர் ஒன்றின் பாட்டரி சுரங்க ரயிலுக்குள் தீப்பிடித்ததை அடுத்து, 2021 டிசம்பரில் அந்நகர ரயில்களில் மின் ஸ்கூட்டர்களுக்குத் தடை வந்தது. ஒரு நிலைய நடைமேடையில் மின்சைக்கிள் எரிந்தபின், 2025 மார்ச் இறுதியிலிருந்து மடக்க முடியாத மின்சைக்கிள்களுக்கும் பெரும்பாலான ரயில்களில் தடை. மலிவாகக் கிடைக்கும் பாட்டரியை வாங்கி மாட்டுவதைப் போல ஆபத்தான சிக்கனம் வேறில்லை.

● விமானத்தில் கைப்பையில் தேங்காய் கொண்டுபோக வழக்கமாக அனுமதி இல்லை. ஆனால் சபரிமலைப் பருவத்தில் இருமுடிக் கட்டில் இருக்கும் நெய்த்தேங்காய்க்கு விலக்கு உண்டு. விமானப் பாதுகாப்பு அமைப்பு 2022 நவம்பரில் இந்த விலக்கைத் தந்தது. பரிசோதனை எல்லாம் முடிந்தபின் கட்டைப் பிரிக்காமல் தன்னோடே வைத்துக்கொள்ளலாம். பிறகு வந்த பருவங்களிலும் விலக்கு அளித்திருக்கிறார்கள்.

● சூட்கேஸுக்குச் சக்கரம் வந்து ஐம்பது சொச்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அமெரிக்காவின் பெர்னார்ட் சாடோ 1970ல் யோசித்து, 1972ல் காப்புரிமை பெற்றார். விமான நிலையத்தில் இரண்டு கனத்த பெட்டிகளைத் தூக்கித் திண்டாடியபோது, ஒரு தொழிலாளி சக்கரப் பலகையில் இயந்திரத்தைச் சிரமமில்லாமல் உருட்டிப்போனதைப் பார்த்தாராம். அவருடைய பெட்டி படுக்கைவாட்டில், நாலு சக்கரத்தில், வாரால் இழுபட்டது. நிமிர்ந்து நிற்கும் பெட்டியும் நீட்டி மடக்கும் கைப்பிடியும் 1987ல் ராபர்ட் பிளாத் என்ற விமானி செய்த மாற்றம்.

சக்கரம் வந்தது, ஆனால் படிக்கட்டு போகவில்லை. நம் நிலையங்கள் பலவற்றில் நடைமேடை மாற மேம்பாலப் படிகளில் டிராலியைத் தலையில்தான் தூக்கவேண்டியிருக்கிறது. போர்ட்டர்களை அழைத்தால் பேரம் பேசுவதற்கு முன், அந்தப் படிகளை ஒரு நாளைக்கு அவர் எத்தனை முறை ஏறுவார் என்று எண்ணிப்பாருங்கள். 2016 ரயில்வே பட்ஜெட்டில் அவர்களுக்கு ‘சகாயக்’ என்று புதுப்பெயர் கிடைத்தது. சாய்தளம் கிடைத்திருந்தால் அவர்களுக்கும் நமக்கும் இன்னும் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

● சென்னை எழும்பூரில் ஏறுகிறவர் கொழும்புக்கு ஒரே டிக்கெட் எடுத்த காலம் ஒன்று இருந்தது. 1914ல் பாம்பன் பாலம் திறந்தபின் போட் மெயில் தனுஷ்கோடிவரை போகும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். பயணியோடு அவருடைய டிரங்குப் பெட்டியும் ரயிலிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து ரயிலுக்கும் மாறும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது; தனுஷ்கோடி வழிப் பயணமும் அதோடு போனது.

● ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மலையேறும் பல்சக்கர ரயில் ஒன்று 1884 முதல் ஓடுகிறது. 1983 முதல் அதன் முன்னால் சைக்கிளுக்கென்றே ஒரு திறந்த வண்டியை வைத்துத் தள்ளிக்கொண்டு மேலேறுகிறார்கள். 200 மீட்டர் ஏற்றத்தை மிதிக்காமல் கடந்து, இறக்கத்தில் உருண்டு வருகிறார்கள் ஊர்க்காரர்கள்.

● அமெரிக்க நகரப் பேருந்துகளின் முகப்பில் மடக்குத் தாங்கி ஒன்று இருக்கும். சியாட்டில் நகரம் 1990களில் தன் பேருந்துகளில் மாட்டியபின் நாடெங்கும் பரவியது. ஓட்டுநர் கண்ணெதிரே சைக்கிள் இருக்கும். பயணியே இறக்கி, வைத்து, முன்சக்கரத்துக்குமேல் கொக்கியை மாட்டிவிட்டு ஏறிக்கொள்வார். அரை நிமிட வேலை. நம் மொஃபசல் பேருந்துகளில் கூரைமேல் சைக்கிளைப் போட்டுக் கயிற்றால் கட்டிய காலத்தை நினைத்தால், இது நமக்கு ஒன்றும் அந்நியமான யோசனை அல்ல.

● புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று ஊக்கினார். பேருந்து அரிதாக வரும் கிராமங்களில் விளைபொருளை விற்கப்போகும் பெண்களுக்குக் காத்திருப்பிலேயே பாதிநாள் போய்க்கொண்டிருந்தது. சைக்கிள் அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பிறகு பலர் அதையே விரும்பவும் தொடங்கினார்கள். காரணம், நடுவிலுள்ள பார்க்கம்பி. அதில் குழந்தையை உட்காரவைக்கலாம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் கண்டு எழுதியிருக்கிறார்.

● ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021ஆம் ஆண்டு ரயில் பயணிகள் உரிமைச் சட்டப்படி, 2025 ஜூனுக்குப் பிறகு வாங்க ஏற்பாடாகும் புது வண்டிகளிலும், பெரிய அளவில் புதுப்பிக்கப்படும் வண்டிகளிலும், குறைந்தது நான்கு சைக்கிளுக்கு இடம் இருந்தாகவேண்டும். ஜெர்மனியின் அதிவேக ஐ.சி.இ. வண்டிகள் பல ஆண்டுகள் சைக்கிளை ஏற்க மறுத்துவந்தவை. 2017ல் வந்த ஐ.சி.இ.-4ல் எட்டு இடம் கொடுத்தார்கள். முன்பதிவு செய்துகொண்டால் போதும். நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் இப்போதும் புதுப் பெட்டிகள் வரைபடத்திலிருந்து எழுந்து வந்துகொண்டிருக்கின்றன. கழிவறைக்குப் பக்கத்துச் சுவரில் நாலு கொக்கி வைக்கும்படி ரயில் பயணிகள் சங்கங்கள் இப்போதே எழுதிக் கேட்கலாம்.